ஓடி வந்த தூரம்

ஆசைக்கு வயதில்லை என்பார்கள். வயது இல்லாமல் இருக்கலாம். ஆனால் நினைவு உண்டு. ஒரு முறை மறுத்து அனுப்பிய ஆசை, இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நம் வீட்டு வாசலை மறவாமல் திரும்பி வந்து கதவைத் தட்டும் என்பதை, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் அறிந்துகொண்டேன்.

என்னைத் தேடி வந்த அந்த ஆசை ஒரு கார். அறுபதைக் கடந்த தமிழாசிரியர் ஒருவர் வேகமாக ஓடும் காருக்கு ஏங்கினார் என்று படித்துச் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். தன்னை மறைத்துக்கொண்டு எழுதுவதைக் காட்டிலும் எழுதாமல் இருப்பதே மேல்.

நம் நாட்டின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிவந்தது. சாகா என்பது ஒரு மரத்தின் சிவந்த விதை. பொற்கொல்லர் பொன்னை நிறுக்கப் பயன்படுத்திய ஆனைக்குன்றிமணிதான் அது. அதற்குப் பின் வந்த வண்டிகளுக்கு வீரா என்றும், சத்ரியா என்றும், புத்ரா என்றும், பெர்டானா என்றும் பெயர் சூட்டினார்கள். வடமொழி வேர் கொண்ட மலாய்ச் சொற்களாதலால் தமிழ்க் காதுக்கு அவை அந்நியமாக ஒலிக்கவில்லை. 1990களின் இறுதியில் சத்ரியா வரிசையில் ஜி.டி.ஐ. என்ற வேகக் கார் ஒன்று வந்தது. மூன்று கதவு, ஐந்து கியர், பதினாறு வால்வு கொண்ட 1.8 லிட்டர் இயந்திரம், ஏறத்தாழ 138 குதிரைத்திறன். 1996இல் புரோட்டோன் தன் கைக்குள் கொண்டுவந்த லோட்டஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம், வளைவுகளில் அது தரையைப் பற்றிக்கொண்டு ஓடும்படி அதன் கால்களைச் செப்பனிட்டுக் கொடுத்திருந்தது. அன்றைய இளைஞர்கள் அந்தக் காரைக் கடந்து செல்லும்போது திரும்பிப் பார்க்காமல் சென்றதில்லை. நானும் அவர்களுள் ஒருவன்.

1999இல் எனக்கு முப்பத்தைந்து வயது. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியர் வேலை. கார் வாங்கும் அளவுக்குக் கையில் முன்பணம் சேர்ந்திருந்தது. ஈப்போவிலிருந்த விற்பனைக் கூடத்திற்கு அப்பாவையும் அழைத்துச் சென்றேன். வாழ்நாள் முழுவதும் பால்மரம் வெட்டியவர் அவர். சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் வந்து, மாதத்திற்கு மூன்று முறை ஈப்போ மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலையில் இருந்தார். விற்பனையாளர் முன்னிருக்கையை மடக்கிவிட, அப்பா பின்னிருக்கைக்குள் நுழைய முயன்றார். குனிந்தார், காலைத் தூக்கினார், முடியவில்லை. மறுமுறையும் முயன்றார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, முகத்தில் ஒரு சிரிப்பை வருவித்துக்கொண்டு, “நல்ல வண்டி, ஐயா. நீ வாங்கு. எனக்கு பஸ் இருக்கிறது” என்றார்.

அன்று மாலை நான்கு கதவுள்ள வீரா 1.5க்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். அதைத் தியாகம் என்று நான் ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. அப்பா நான்கு ஆண்டுகள் அதில் மருத்துவமனைக்குப் போய் வந்தார், 2003இல் மறைந்தார். மகள் அதில் பள்ளிக்குச் சென்றாள். மகன் அதில் பிறந்தான் என்றே சொல்லலாம், அத்துணை அவசரமாக மருத்துவமனைக்கு ஓட்டினேன். வீரா இன்றும் எங்கள் வாசலில் நிற்கிறது.

ஓய்வு பெற்றபோது பணிக்கொடை வந்தது. மகளின் கல்விக் கடனையும் வீட்டுக் கடனின் எச்சத்தையும் அடைத்தபின் 40,000 வெள்ளி மிஞ்சியது. ஒரு நாள் இரவு உணவின்போது, ஏதோ பேச்சில், அந்தப் பழைய சத்ரியா கதையைச் சொன்னேன். மகனுக்கு இருபத்து மூன்று வயது. கேட்டுக்கொண்டிருந்தவன் மறுநாளே இரண்டு வண்டிகளைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டான். “அப்பா, இப்போதாவது உங்களுக்காக ஒன்று வாங்குங்கள்” என்றான். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, “உங்களுக்காக என்றால் சரிதான். ஆனால் சாவி யார் கையில் இருக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்லின் கனத்தை அப்போது நான் நிறுத்துப் பார்க்கவில்லை.

துணைக்கு ஒரு போர்மனை அழைத்துக்கொண்டேன். ஆறாம் ஆண்டில் என்னிடம் படித்தவர். இன்று சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய பட்டறைச் சுவரில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் 1998ஆம் ஆண்டின் வகுப்புப் புகைப்படம் தொங்குகிறது. அதில் நானும் இருக்கிறேன், முழுத் தலைமுடியுடன். பின்வரிசையில் மூன்றாவதாக நிற்கும் பையனும் இருக்கிறான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பார்த்த வண்டி, பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு வணிகரிடம் இருந்தது. புதிதாகச் சாயம் பூசிப் பளபளவென்று நின்றது. ஓடிய தூரம் 92,000 கிலோமீட்டர் என்று காட்டியது. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டி இவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறதே என்று எனக்கு மகிழ்ச்சி. போர்மன் மீட்டரைப் பார்க்கவே இல்லை. குனிந்து பிரேக் மிதியைப் பார்த்தார். அதன் ரப்பர் தேய்ந்து ஒரு மூலையில் இரும்பு தெரிந்தது. ஸ்டீயரிங் தோல் கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. ஓட்டுநர் இருக்கையின் வலப்புற விளிம்பு, ஏறி இறங்கி ஏறி இறங்கி, நைந்துபோயிருந்தது.

“சார், மீட்டரைத் திருப்பிவிடலாம். மிதியை யாரும் மாற்ற நினைப்பதில்லை” என்றார் அவர்.

பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கினார். மாற்றுச் சக்கரம் இருக்கும் குழியில் இரும்பு சுருங்கி, மேலே புதுச் சாயம் அப்பியிருந்தது. பின்னால் எப்போதோ பலமாக மோதப்பட்ட வண்டி. இயந்திரத்தில் பொறித்திருந்த எண்ணைக் கைவிளக்கால் படித்து, கிராண்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டார். பொருந்தவில்லை. ஜப்பானில் கழித்துக்கட்டிய கார்களை இரண்டாக அறுத்து, முன்பாதியை இங்கே கொண்டுவந்து விற்பார்கள். ஹாப்கட் என்பது அதன் பெயர். அதிலிருந்து எடுத்த இயந்திரத்தைப் பொருத்துவது குற்றமன்று. ஆனால் அதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் முறையாகப் பதிந்து கிராண்டில் ஏற்ற வேண்டும். இங்கே அது நடக்கவில்லை. பெயர் மாற்றத்திற்கு முன் நடக்கும் சோதனையிலேயே இது சிக்கிக்கொள்ளும். நாங்கள் வணிகருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

இரண்டாவது வண்டி கோலகங்சாரில் ஒரு மலாய்க்காரரின் வீட்டில் இருந்தது. ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. தொழிற்சாலையொன்றில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை. 2001இல் அதைப் புதிதாக வாங்கியவரே அவர்தான். விலை 26,000 வெள்ளி. ஓடிய தூரம் 268,000 கிலோமீட்டர். அந்த எண்ணைக் கேட்டதும் என் முகம் மாறியிருக்க வேண்டும். இவ்வுலகை ஆறரை முறைக்கு மேல் சுற்றி வந்த தூரமல்லவா அது! அவர் அதைக் கவனித்துவிட்டு உள்ளே போனார். ஒரு நீண்ட கணக்குப் புத்தகத்துடன் திரும்பி வந்தார். “சிக்கு, தூரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இதைப் படித்துவிட்டுப் பயப்படுங்கள்” என்று சிரித்தார்.

நான் படித்தேன். நாற்பது ஆண்டுகள் மாணவர் கட்டுரைகளைத் திருத்தியவனுக்குக் கையெழுத்திலிருந்தே ஒருவரின் குணம் ஓரளவு புலப்படும். ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் எண்ணெய் மாற்றிய தேதி. டைமிங் பெல்ட் மாற்றிய தேதிகள், மூன்று முறை. கிளச் இரண்டு முறை. ரேடியேட்டர் ஒரு முறை. ஓரிடத்தில், ‘மழை, வளைவில் வழுக்கியது, என் தவறு, வலப்பக்க விளக்கு’ என்று மலாய் மொழியில் எழுதியிருந்தார். தன் தவறைத் தன் கையால் எழுதி வைத்து, வாங்க வந்தவனிடமே நீட்டும் மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்போது அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. பால்மரத்தை ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் கூடும். ஆனால் கத்தி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் முடிச்சு விழும், பட்டை மறுபடி சீராக வளராது. மரத்தின் வயதைக் கேட்காதே, பட்டையைத் தடவிப் பார், வெட்டியவன் கை தெரியும் என்பார். வேகக் காருக்கும் இது முற்றும் பொருந்தும். காலையில் இயந்திரம் சூடேறுமுன் உதைத்து விரட்டிய 50,000 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடிய 200,000 கிலோமீட்டரைவிடக் கொடியது. எண் ஒன்றுதான், அதை ஓடிய விதம் வேறு.

போர்மன் தம் சோதனைகளைத் தொடங்கினார். இயந்திரம் ஆறியிருக்கும்போதே வர வேண்டும் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்; சூடான வண்டி தன் நோயை மறைத்துவிடுமாம். முதல் உதையில் புகை வருகிறதா என்று பார்த்தார். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. நிற்காத வெண்புகை என்றால் தண்ணீர் உள்ளே கசிகிறது. இரண்டும் இல்லை. எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற கசடு இல்லை. நான்கு உருளைகளிலும் அழுத்தம் பார்த்தார். புது வண்டியின் அளவுக்கு இல்லாவிட்டாலும் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால்தான் அஞ்ச வேண்டும் என்றார். டயர்கள் உட்புறம் வெளிப்புறம் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. இரண்டாம் கியருக்கு இறக்கும்போது மட்டும் ஒரு மெல்லிய உறுமல். “கிழவருக்கு அந்த ஒரு பல் ஆடுகிறது, சார். மற்றதெல்லாம் உறுதி.”

பட்டறைக்குத் திரும்பிக் கணக்குப் போட்டோம். இத்தகைய வண்டிக்கு விலை இரண்டு. ஒன்று, விற்பவரிடம் கொடுப்பது. மற்றொன்று, வாங்கியபின் வண்டிக்கே கொடுத்துக்கொண்டிருப்பது. முதல் விலை ஓடிய தூரத்தால் குறைகிறது. இரண்டாவது விலை அதே தூரத்தால் ஏறுகிறது. கியர் பெட்டியைப் பிரித்துச் செய்ய வேண்டும். அப்சோபர் நான்கும் மாற்ற வேண்டும். அடுத்த டைமிங் பெல்ட்டுக்கு நேரம் நெருங்கிவிட்டது. அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி இயந்திரமே பாழாகும் என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. முதலாண்டிலேயே 9,000 வெள்ளி என்று கணக்கு நின்றது. இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிகள் கடன் தர விரும்புவதில்லை. முழுக் காப்புறுதியும் எளிதில் அமைவதில்லை. அதாவது, போனால் முழுதும் போகும். யானையைக் கட்டித் தீனி போடும் வேலைதான். ஆயினும் 26,000மும் 9,000மும் 35,000. என்னிடம் 40,000 இருந்தது. கணக்கு ‘வாங்கலாம்’ என்றது. வண்டி ‘வாங்கலாம்’ என்றது. அந்தக் கணக்குப் புத்தகம் ‘கட்டாயம் வாங்கு’ என்றது.

மிஞ்சியது ஓட்டிப் பார்ப்பது ஒன்றே. மறு சனிக்கிழமை கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி, ஈப்போவை நோக்கி ஓட்டினேன். மகன் பக்கத்தில் அமர்ந்திருந்தான். உரியவர் நம்பிக்கையோடு சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். ஞாயிறு காலைப் பேப்பர் வாங்கப் போவதுபோல் மெதுவாகத்தான் தொடங்கினேன். மூன்றாம் கியரில் காலை அழுத்தியபோது, அதுவரை அமைதியாக இருந்த இயந்திரம் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தது. முப்பத்தைந்து வயது என் கைக்குள் திரும்பி வந்தது. வேறு எப்படிச் சொல்வது? முழங்கால் வலியும் சர்க்கரை மாத்திரையும் அந்த ஒரு நிமிடத்தில் என்னை விட்டு இறங்கிப் போயிருந்தன. எதிரே இருந்தவர்கள் எல்லாரும் பின்னுக்குப் போனார்கள்.

மீட்டரைப் பார்த்தேன். 150. அந்தச் சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் 110.

நான் அதை எண்ணி அழுத்தவில்லை. கால் தானே போயிருந்தது. திடுக்கிட்டுப் பக்கத்தில் திரும்பினேன். மகன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்கள் சாலையில் இல்லை. என் காலின் மேல் இருந்தன. “சூப்பர், அப்பா!” என்றான்.

அந்தச் சிரிப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். போர்மனின் பட்டறைச் சுவரில், பின்வரிசையில் மூன்றாவதாக நிற்கிறது அது. படிப்பில் கெட்டிக்காரன், அழகாகக் கட்டுரை எழுதுவான். பத்தொன்பதாம் வயதில், ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் பந்தயம் போனவன் திரும்பவில்லை. அவனுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்களாவது சொல்லியிருக்கக்கூடாதா, வாத்தியாரையா?” என்று கேட்டார். நான் சொல்லியிருந்தேன். கரும்பலகையில் ‘நிதானம்’ என்று தலைப்பிட்டுக் கட்டுரையே எழுத வைத்திருந்தேன். ஆனால் சொல்லால் கற்பித்ததைக் காலால் அழிக்க எத்தனை நொடி ஆகும் என்பது அந்த நெடுஞ்சாலையில்தான் எனக்குத் தெரிந்தது.

வேகத்தைக் குறைத்தேன். மெனோரா சுரங்கத்தைக் கடந்து, மலையிறக்கத்து வளைவுகளில் இடப்புறத் தடத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தேன். வண்டியின் மேல் குற்றமில்லை. அது எதற்காகப் படைக்கப்பட்டதோ அதைச் செய்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை ஓட்டியவர் அதனால் கெட்டுவிடவில்லை. அவர் கையில் அது ஒரு நல்ல குதிரை. என் கையில் என்னவாகும்? நான் இல்லாத நேரத்தில் என் மகன் கையில் என்னவாகும்? சாவி யார் கையில் இருக்கும் என்று மனைவி கேட்டதன் கனம் அப்போதுதான் விளங்கியது. அவள் மகனை மட்டும் எண்ணிச் சொல்லவில்லை.

போர்மன் வண்டியைச் சோதித்தார், வண்டி தேறியது. நான் விற்பவரைச் சோதித்தேன், அவரும் தேறினார். வண்டி என்னைச் சோதித்தது, நான் தேறவில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஆயிரம் அறிவுரைகள் உண்டு. இந்த மூன்றாவது சோதனையைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது உரியவரிடம் உண்மையைச் சொன்னேன். வண்டியில் குறை சொல்லி விலையைக் குறைக்கப் பார்க்கிறேனோ என்று அவர் முதலில் ஐயுற்றிருக்கலாம். நான் 150 என்றதும் அவர் முகம் தெளிந்தது. “நானும் முதல் வாரத்தில் அப்படித்தான், சிக்கு. அதனால்தான் எழுத ஆரம்பித்தேன். எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் கால் கொஞ்சம் யோசிக்கும்” என்றார். தேநீர் கொடுத்து அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து, தைப்பிங்கிலிருந்து வந்த ஒருவர் அதை வாங்கிச் சென்றதாகச் சொன்னார். கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தாராம்.

மகன் மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் அவனை வாசலுக்கு அழைத்து, வீராவின் முன்மூடியைத் திறந்தேன். அதன் மீட்டர் 311,000 காட்டியது. அடுத்தவர் வண்டியின் அழுத்தத்தையும் புகையையும் பட்டையையும் அவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த நான், எங்கள் குடும்பத்தையே சுமந்த வண்டிக்குக் கடைசியாக டைமிங் பெல்ட் மாற்றியது எப்போது என்று சொல்ல முடியாமல் நின்றேன். எழுதி வைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

“தம்பி, இதைப் பட்டறைக்கு நீயே கொண்டுபோ. அண்ணனோடு கூட இருந்து பார். என்ன மாற்றினாலும் எழுதி வை” என்று ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கினான். ஆனால் போனான். பெல்ட், அப்சோபர், ரேடியேட்டர் குழாய்கள், பிரேக் என 4,300 வெள்ளி ஆயிற்று. மூன்று சனிக்கிழமைகள் அங்கேயே இருந்து, கையெல்லாம் கரியோடு வீடு திரும்பினான். அந்தச் சுவர்ப் புகைப்படத்தைப் பற்றி அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. போர்மன் சொல்லியிருக்கிறார் போலும். மூன்றாவது சனிக்கிழமை இரவு சாப்பிட உட்கார்ந்தபோது, “அந்த அண்ணன் நல்லா எழுதுவாராமே, அப்பா?” என்று கேட்டான். “ஆமாம்” என்றேன். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு எழவில்லை.

ஆசை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை என்பதே உண்மை. ஈப்போ சாலையில் எங்கேனும் ஒரு சத்ரியா கடந்து போனால் இன்றும் திரும்பிப் பார்க்கிறேன். பார்த்துவிட்டு, நான்கு கதவுள்ள என் வீராவின் ஸ்டீயரிங்கைச் சற்று இறுகப் பற்றிக்கொள்கிறேன். பின்னிருக்கையில் அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் துணி கொஞ்சம் அமுங்கியிருக்கிறது. அதை மாற்ற வேண்டாம் என்று போர்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.